பறவைக் கணக்கெடுப்பில் சேர விரும்புகிறவர்களுக்கு: பதிவு முதல் பட்டியல் வரை

தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் எப்போதும் பற்றாக்குறைதான். சேர ஆசைப்படுகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் சந்திக்காமலே சீசன் முடிந்துவிடுகிறது. தகவல் ஒரே இடத்தில் கிடைக்காததுதான் காரணம். தேதி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும். படிவம் ஏதோ ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றும். யாரைக் கேட்பது என்று சொல்ல ஆள் இருக்காது. நான் சேர முயன்றபோது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே போனால் பதிவு முந்தைய நாளே முடிந்திருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"எனக்குப் பறவையே தெரியாதே" என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் பறவையைப் பார்த்து இனம் சொல்ல ஒருவர், எண்ண ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். எழுதும் வேலைக்குப் பொறுமையும் தெளிவான கையெழுத்தும் போதும். புதியவர்களில் பெரும்பாலானோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1. எந்தக் கணக்கெடுப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு, அதே நாட்களில் கல்லூரி, பள்ளி வளாகங்களில் நடப்பது ஆகியவை இந்த வகை. மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று பார்த்து, பார்த்த பறவைகளின் பட்டியலை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றினால் நீங்கள் கலந்துகொண்டதாகிவிடும்.

இரண்டாவது வகை, குழுவாகச் செய்வது. வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு இதில் பெரியது. ஈரநிலப் பறவைகளுக்கு ஒரு வார இறுதி, நிலப்பறவைகளுக்கு இன்னொரு வார இறுதி என்று இரண்டு கட்டமாக நடக்கும். தேதி நிலையானதல்ல. 2024-ல் ஈரநிலங்களுக்கு ஜனவரி 27, 28 என்றும் நிலப்பறவைகளுக்கு மார்ச் 2, 3 என்றும் வைத்தார்கள். 2025-ல் இரண்டும் மார்ச்சுக்குப் போய்விட்டன. இது தவிர ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும். நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது.

என் கருத்து: பொங்கல் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். தவறினாலும் யாருடைய வேலையும் கெடாது, செயலியும் கைக்குப் பழகிவிடும். அதற்கடுத்து வரும் குழுக் கணக்கெடுப்பில் சேருங்கள்.

2. செயலியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

ஈபேர்ட் இலவசம். கணக்கு தொடங்க மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும். உங்கள் சொந்தப் பெயரில் தொடங்குங்கள். புனைபெயரில் இருந்தால், பட்டியலை ஏற்றியவர் யார் என்று ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியாமல் பின்னால் சிக்கல் வரும். உள்ளே போனதும் தமிழ்நாட்டுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரைகளில் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. தொகுப்பு போனில் இருந்தால் இணையம் இல்லாமலே பதியலாம்.

மெர்லின் என்ற செயலியும் இலவசம்தான். படத்தையோ குரலையோ வைத்து இது என்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். சொல்வதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குரலை வைத்துச் செயலி மட்டும் சொன்னது, பறவையைக் கண்ணால் பார்க்கவில்லை, குரலும் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் அது பட்டியலில் ஏறக்கூடாது.

3. பைனாகுலர்: உடனே வாங்க வேண்டாம்

முதல் கணக்கெடுப்புக்கு இரவல் போதும். குழுவில் கேட்டால் யாராவது ஒருவரிடம் கூடுதலாக ஒன்று இருக்கும். இந்த ஆர்வம் நிலைக்கும் என்று தெரிந்தபிறகு 8×42 அளவில் ஒன்று வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு நெருக்கிக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். நம்பி வாங்கக்கூடியவை ஏறத்தாழ 6,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன.

இணையத்தில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்கு "50 மடங்கு ஜூம்" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். கை சற்று நடுங்கினாலே எல்லாம் ஆடும். காலை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும். அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். தூரத்து வாத்துகளுக்கு முக்காலியில் நிற்கும் ஸ்கோப் வேண்டும். அது விலை அதிகம், குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

4. முப்பது பறவைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

நூற்றுக்கணக்கான இனங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஏரியில் தினமும் இருக்கும் முப்பது பறவைகள் சரியாகத் தெரிந்தால் கணக்கெடுப்பின் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். மடையான், முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, புள்ளிமூக்கு வாத்து, வெண்தொண்டை மீன்கொத்தி என்று தொடங்குங்கள். அரிய பறவையைத் தேடி ஓடுவதைவிட, தினம் பார்க்கும் பறவைகளில் எது எதுவென்று தயங்காமல் சொல்ல முடிவது கணக்கெடுப்புக்குப் பத்து மடங்கு உதவும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வெள்ளைக் கொக்குகளில். நான்கு வகை ஒரே ஏரியில் நிற்கும். ஒவ்வொன்றிலும் எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள், குட்டை, கழுத்தும் குட்டை. பெரும்பாலும் மாடுகளின் காலடியில்தான் நிற்கும். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது; அது அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை காத்திருங்கள், மஞ்சள் விரல்கள் பளிச்சென்று மேலே வரும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க உயரத்தை நம்பாதீர்கள், தனியாக நிற்கும் பறவையின் உயரம் ஏமாற்றும். முகத்தைப் பாருங்கள். வாய்க்கோடு (அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோடு) கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. அலகு நிறத்தையும் இங்கே நம்ப முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும்.

நீர்க்காகங்களும் இப்படித்தான். சின்ன நீர்க்காகத்தின் அலகு குட்டை, தடிமன். கொண்டை நீர்க்காகத்தின் அலகு நீளம், மெல்லியது, நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். தூரத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லையா? அப்படியே விடுங்கள். ஈபேர்டில் "இந்த இரண்டில் ஒன்று", "கொக்கு, இனம் தெரியவில்லை" என்று பதியவே தனி வரிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவது நேர்மையான வேலை. யூகித்து எழுதிய பெயர்தான் தரவைக் கெடுக்கிறது.

5. எண்ணப் பழகுங்கள்

பெயர் சொல்லத் தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடம் இது. ஏரி நடுவே கறுப்பாக ஒரு பரப்பு தெரிகிறது, எல்லாம் நாமக்கோழிகள். எத்தனை? "ஆயிரம் இருக்கும்" என்று ஒருவர் சொல்வார், அதையே எல்லோரும் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதும் எண்ணை அடுத்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். கூட்டத்தின் ஒரு ஓரத்தில் இருபது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்த இருபது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவை மனதுக்குள் நகர்த்தி, கூட்டத்தில் எத்தனை முறை பொருந்துகிறது என்று பாருங்கள். நாற்பது முறை பொருந்தினால் 800. கூட்டத்தின் நடுவில் நெருக்கமும் ஓரத்தில் இடைவெளியும் இருக்கும் என்பதால், நடுவில் ஒருமுறை தனியாக எண்ணித் திருத்திக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த கரையிலிருந்து பார்த்தால் பின்வரிசை முன்வரிசைக்குப் பின்னால் மறைந்து எண்ணிக்கை குறைந்துவிடும். மதகு மேலோ உயரமான கரைப் பகுதியிலோ ஏறி நின்று எண்ணுங்கள். இருவர் தனித்தனியாக எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதிக்கொண்டு, பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மறுபடி எண்ணுங்கள்.

எதை முதலில் எண்ணுவது என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. எளிதில் பறந்துவிடும் வாத்துகளையும் உள்ளான்களையும் போன உடனே எண்ணிவிடுங்கள். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து வந்தால் போதும், நீலச்சிறகி வாத்துகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து ஏரியைச் சுற்றி வேறு பக்கம் இறங்கிவிடும். உங்கள் கணக்கு பாதியில் நிற்கும், எதிர்க்கரைக் குழு அவற்றை மறுபடி எண்ணிவிடும். அப்படிக் கூட்டமாகப் பறந்தால் நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு அடுத்த குழுவுக்குப் போனில் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். பறவைக் கூட்டத்தின் படம் ஒன்றை எடுத்து ஐந்து விநாடி பார்த்து மதிப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு பறவை மேலும் புள்ளி வைத்து எண்ணுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். சில வாரம் செய்தால் கண் பழகிவிடும்.

6. பதிவும் ஆவணங்களும்

வனத்துறைக் கணக்கெடுப்புக்கான அழைப்பு வந்தபிறகு உங்களுக்குச் சில நாட்களே கிடைக்கும். ஆகவே அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள். நவம்பர் கடைசியிலேயே உங்கள் மாவட்ட வன அலுவலர் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் அதே வாசகத்தில் ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். சரணாலயம் உள்ள இடத்தில் அந்த வனச்சரக அலுவலகத்தையும் கேளுங்கள். கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா/அம்மா, வரவிருக்கும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகக் கலந்துகொள்ள விரும்புகிறேன். எனக்கு ஈபேர்ட் கணக்கு உள்ளது. என்னால் வர முடிந்த பகுதி: ______. சொந்த வாகனம் உண்டு/இல்லை. பதிவு தொடங்கும்போது கீழ்க்கண்ட எண்ணில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

வாகனம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். பல ஏரிகளுக்கு விடிகாலையில் பேருந்து கிடையாது. யாரை எங்கே அனுப்புவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம், மாணவராக இருந்தால் கல்லூரி அடையாள அட்டை நகலும் துறைத்தலைவரின் கடிதமும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவரின் எண். எல்லா மாவட்டத்திலும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. கேட்கும்போது கையில் இல்லையென்றால் அன்றைக்கு வாய்ப்புப் போய்விடும். துறைத்தலைவர் கடிதத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். அரையாண்டு விடுமுறையில் கையெழுத்து வாங்க முடியாது.

செலவு என்று பார்த்தால் பயணம் உங்களுடையது. தூரத்து இடம் கிடைத்தால் முந்தைய இரவு தங்கவும் வேண்டியிருக்கும். எங்கே தங்குவது, சாப்பாடு உண்டா என்பதைப் பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வனத்துறைக் கணக்கெடுப்பில் சேர யாராவது ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால் அது சுற்றுலா ஏற்பாடாக இருக்க வாய்ப்பு அதிகம்; பணம் அனுப்பும்முன் வன அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அனுமதி பற்றி ஒன்று. ஊர் ஏரிக்கரையிலோ மாநகராட்சிப் பூங்காவிலோ நின்று பார்க்க அனுமதி தேவையில்லை. சரணாலயத்துக்கும் காப்புக்காட்டுக்கும் அப்படி இல்லை. வேடந்தாங்கலில் பார்வையாளர் பாதை வரைதான் எல்லோரும் போகலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள் இறங்கக்கூடாது. ஓரச் சாலையிலிருந்தும் பூங்காப் பகுதியிலிருந்தும் பார்த்தாலே நிறைய கிடைக்கும். கணக்கெடுப்பு நாளில் கிடைத்த அனுமதி அந்த நாளோடு முடிந்தது. மறுவாரம் "நான் தன்னார்வலர்" என்று சொல்லி உள்ளே போக முடியாது. உப்பளங்கள் தனியார் நிலமாக இருக்கலாம். உரிமையாளரையோ காவலாளியையோ கேட்டுவிட்டு இறங்குங்கள்.

7. கணக்கெடுப்பு நாள்

காலை 6 மணிக்குக் கரையில் நிற்க வேண்டும், வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் அல்ல அது. 9 மணிக்குமேல் கானல் எழுந்து தூரத்துப் பறவைகள் நெளியத் தொடங்கும். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்: காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான்.

மங்கிய நிற உடை, மூடிய காலணி, தொப்பி, தண்ணீர், பவர்பேங்க், இரண்டு பேனா. கரைப் புல்லில் பாம்பு இருக்கும், காலைப் பார்த்து வையுங்கள். ஆளில்லாத ஏரிக்குத் தனியாகப் போக வேண்டாம்.

கூடுகளை நெருங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். பறவையை வரவழைக்கக் குரல் பதிவை ஒலிக்க விடுவதும் கூடாது. கூட்டின் படத்தையும் இடத்தையும் சமூக வலைத்தளங்களில் போடாதீர்கள். இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை. ஒரு படத்துக்காக ஒரு கூடு அழிவதற்கு நாம் அங்கே போகவில்லை.

8. பட்டியலை ஏற்றுதல்

உழைப்பு வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

செயலி கடைசியில் ஒன்று கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா? தெரியாத பறவை ஒன்று இருந்ததே என்று பலர் "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள். கேள்வி உங்களுக்குத் தெரிந்த பறவைகளைப் பற்றியது மட்டுமே. தெரிந்தவற்றில் எதையும் வேண்டுமென்று விடவில்லை என்றால் "ஆம்". அதுதான் முழுப் பட்டியல். காக்கை, மைனா, மாடப்புறா எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். நூறு முழுப் பட்டியல்களில் முப்பதில் ஒரு பறவை இருந்தால் அதை 30 சதவீதம் என்று கணக்கிடலாம், அடுத்த ஆண்டு 20 ஆனால் குறைவதை அறியலாம். காக்கையை விட்டுவிட்டால் காக்கை குறைந்ததாகத்தான் கணக்கு காட்டும். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்டோர் ஈபேர்டில் சேர்த்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. நீங்கள் ஏற்றும் பட்டியலும் அப்படித்தான் பயன்படும்.

எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று போடவும் செயலி விடும். அதற்கு "இருந்தது" என்று மட்டும் பொருள். கணக்கெடுப்பில் அதைத் தவிருங்கள். தோராயமான எண்கூட அதைவிட மேல்.

ஒரு ஏரிக்கு ஒரு பட்டியல். 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வண்டியில் ஏறும்முன் பட்டியலை நிறுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த ஊர் வரை போன தூரமும் அதில் சேர்ந்துவிடும். போன வழியே திரும்பினால் தூரத்தை ஒருமுறை மட்டும் கணக்கிடுங்கள், பறவைகளையும் ஒருமுறைதான். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஏரி ஏற்கெனவே செயலியில் எல்லோருக்குமான பொது இடமாக (ஹாட்ஸ்பாட்) இருந்தால் அதையே எடுங்கள். புதிதாக ஒரு பெயர் வைத்தால் உங்கள் தரவு தனியாகப் போய்விடும்.

குழுவில் ஐந்து பேர் என்றால் ஒருவர் பட்டியலை ஏற்றி மற்ற நால்வருக்கும் பகிர வேண்டும். ஐவரும் தனித்தனியாக ஏற்றினால் 200 கூழைக்கடா 1,000 ஆகிவிடும். வனத்துறைத் தாள் படிவத்தையும் நிரப்பச் சொன்னால், ஒப்படைக்கும்முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். படிவம் தொலைந்தால் அதுதான் சாட்சி.

ஏதாவது ஒரு பறவையோ எண்ணிக்கையோ அந்த ஊருக்கு அசாதாரணம் என்றால் செயலி குறிப்பு கேட்கும். "நன்றாகப் பார்த்தேன்" என்று எழுதினால் பயனில்லை. அலகு, கால், இறக்கை நிறம், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள்; படம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். பின்னர் ஒரு சரிபார்ப்பாளர் மின்னஞ்சலில் விளக்கம் கேட்கலாம். அவரும் உங்களைப்போல ஒரு தன்னார்வலர்தான். அதைக் குற்றச்சாட்டாக நினைத்துப் பலர் பதில் போடாமலே விட்டுவிடுகிறார்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள். உறுதியாகாவிட்டாலும் பறவை உங்கள் பட்டியலில் இருக்கும், பொதுத் தரவில் மட்டும் வராது.

பட்டியலை அன்றிரவே ஏற்றிவிடுங்கள். சான்றிதழ் வேண்டுமானால் பெயர் எழுத்து, கல்லூரிப் பெயர் இரண்டையும் அந்த வாரத்திலேயே அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்தபிறகு திருத்தி வாங்குவது எளிதல்ல.